முன்கதை கேளாத வாயில்



நமது சங்கக் கூட்டங்களில் பஞ்சசீலம் ஓதும்போது ஐந்தாம் சீலத்தை நாம் சற்று உரத்த குரலிலேயே ஓதுகின்றோம். மது முதலிய மயக்கப் பொருள்களால் தொழிலாளர் குடியிருப்புகள் அடைந்த நஷ்டத்தைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். ஆதலின் அக்குரலில் உறுதி இருப்பது இயல்பேயாகும். ஆனால், குடியினால் வேலையிழந்து, வேலையின்மையால் வாடகையறையை இழந்து, ரயில் நிலையத்திலும் மேம்பாலத்தின் கீழும் படுத்துறங்கும் ஒருவர் நம்மிடம் உதவி நாடி வந்தால், நாம் அவருக்குக் கூறும் விடை யாது? "முதலில் குடியை விட்டு ஒழுங்காகி வாருங்கள், பிறகு வேலைக்கு வழி பார்ப்போம்" என்பதே நம்மில் பெரும்பாலோர் கூறும் விடை.

இவ்விடை தம்மத்துக்கு ஒத்ததா? ஒழுங்கானபின் தொழிலா, அல்லது தொழிலின் வழியே ஒழுங்கா? இதுவே இப்பாடத்தின் வினா.

1. பகவன் புத்தர் காட்டிய முறை

தம்மபதத்தின் உரையாகிய அட்டகதையில் ஒரு வரலாறு உண்டு. பகவன் ஆளவி நகருக்கு எழுந்தருளியபோது, ஏழைக் குடியானவர் ஒருவர் தம்ம உபதேசம் கேட்க விரும்பினார். அன்று காலையில் அவருடைய எருது காணாமற் போயிற்று. அதைத் தேடி அலைந்து கண்டுபிடித்து, உண்ணாமல் பசியோடு சபைக்கு ஓடி வந்தார். பகவன் அவர் வருமளவும் பேசாமல் காத்திருந்தார். வந்தவுடனும் உபதேசத்தைத் தொடங்கவில்லை. மிஞ்சிய உணவு ஏதேனும் உண்டா என வினவி, அம்மனிதருக்கு முதலில் அன்னமிடச் செய்தார். அவர் உண்டு களை தீர்ந்த பின்னரே தம்மத்தைப் போதித்தார். பசித்த வயிற்றின் துன்பம் தம்மத்தைக் கேட்கவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

திக நிகாயத்திலுள்ள கூடதந்த சூத்திரத்தையும் ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். நாட்டில் களவும் கொள்ளையும் மிகுந்த காலத்தில், மகாவிஜிதன் என்னும் அரசனுக்கு அவனுடைய புரோகிதர் கூறிய ஆலோசனை அதில் வருகின்றது. கொல்வதாலும் சிறையிடுவதாலும் நாடுகடத்துவதாலும் களவு ஒழியாது. உழவனுக்கு விதையும் தீவனமும், வணிகனுக்கு முதலும், அரசுப் பணியாளனுக்கு ஊதியமும் உணவும் கொடுத்தால், மக்கள் தத்தம் தொழிலில் ஊன்றிவிடுவர். பிறகு அவர்களால் நாட்டுக்குத் துன்பம் நேராது என்பது அந்த ஆலோசனை. அரசன் அவ்வாறே செய்தான். மக்கள் வீட்டுக் கதவுகளைத் தாழிடாமல் வாழ்ந்தனர் என்று சூத்திரம் கூறுகின்றது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். "திருந்தியவனுக்கு விதை கொடு" என்று அங்கு கூறப்படவில்லை. விதை முதலிற் கொடுக்கப்பட்டது. ஒழுங்கு அதனைத் தொடர்ந்து வந்தது. நமது தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையிலும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாற்றப்படுகின்றது. அடைத்து வைத்திருந்த இடமே ஆதரிக்கும் இடமாயிற்று என்பது அதன் பொருள்.

2. யாங்கர்ஸ் நகரத்து ரொட்டிச்சாலை

இவை பழைய நூல்களின் கதைகள். இக்காலத்தில் நடவாதவை என்று எவரேனும் கருதலாம். ஆகவே நமது காலத்தில், பௌத்தர்களாலேயே நடத்திக் காட்டப்பட்ட ஒரு முயற்சியை எடுத்துரைப்போம்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரிலுள்ள புரூக்ளினில் 1939 இல் பிறந்தவர் பெர்னி கிளாஸ்மன். விமானத் தொழில்துறைப் பொறியியலாளராகப் பணியாற்றிய அவர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தைசன் மேசூமி என்னும் ஜப்பானிய ஜென் குருவிடம் பயின்று, தாமும் குருவானார். பின்னர் நியூயார்க் திரும்பி ஒரு ஜென் சங்கத்தை நிறுவினார். சங்கத்தார் ஜீவனத்துக்காகக் காணிக்கையை எதிர்பார்த்திருத்தல் கூடாது, நல்வாழ்வுக்குரிய தொழில் ஒன்று வேண்டும் என்று எண்ணி, 1982 இல் கிரேஸ்டன் என்னும் ரொட்டிச்சாலையைத் தொடங்கினார். அது பின்பு நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரில் நிலைபெற்றது.

யாங்கர்ஸின் ஒரு பகுதியில் அந்நாளில் வேலையின்மையும் போதைப்பொருளும் வீடின்மையும் ஒருங்கே குடிகொண்டிருந்தன. சங்கத்தாருக்காகத் தொடங்கிய ரொட்டிச்சாலையை அப்பகுதி மக்களுக்குத் தொழில் கற்பிக்கும் இடமாக்கினார் கிளாஸ்மன். அங்கு ஏற்பட்ட வழக்கத்தைத் 'திறந்த வேலைவாயில்' என்று நாம் தமிழில் கூறலாம். வேலை வேண்டுவோர் வந்து தம் பெயரை ஒரு பட்டியலில் எழுத வேண்டும், அவ்வளவே. நேர்முகத் தேர்வு இல்லை. முந்திய முதலாளியின் நற்சான்று கேட்பதில்லை. சிறை சென்றதுண்டா, போதைக்கு அடிமையாயிருந்ததுண்டா, எங்கே உறங்குகின்றீர் என்னும் கேள்விகள் இல்லை. இடம் காலியானால், பட்டியலில் அடுத்து நிற்கும் பெயர் அழைக்கப்படும்.

"அப்படியானால் தொழிற்சாலை கெட்டுவிடாதா?" என்று சிலர் வினவலாம். வாயிலில் கேள்வி இல்லையேயன்றி உள்ளே கண்டிப்பு உண்டு. புதிதாக வந்தவர் சில மாதங்கள் பயிற்சியாளராகவே இருப்பார். குறித்த நேரத்துக்கு வருதல், அளவு பார்த்தல், அடுப்பின் சூடு அறிதல், சுத்தம் பேணுதல், உடன் வேலை செய்பவரோடு இணங்கிப் பழகுதல் ஆகிய அனைத்தும் அங்கே கற்பிக்கப்படும். இடையில் விலகுவோரும் உண்டு. தவறியதால் விலக்கப்படுவோரும் உண்டு. ஆனால் விலக்கப்படுவது இன்று செய்த செயலுக்காகவேயன்றி, நேற்று வாழ்ந்த வாழ்வுக்காக அன்று.

அந்த ரொட்டிச்சாலையின் வளர்ச்சியில் படிப்பினைக்குரிய ஒரு நிகழ்ச்சி உண்டு. பென் அண்ட் ஜெர்ரிஸ் என்னும் ஐஸ்கிரீம் நிறுவனத்துக்குப் பிரவுனி எனப்படும் சாக்லேட் பணியாரத்தைச் செய்து தரக் கிரேஸ்டன் ஒப்புக்கொண்டது. முதலில் அனுப்பியவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. நிறுவனத்தார் அவற்றைக் குப்பையில் எறியாமல், துண்டு துண்டாக உடைத்து ஐஸ்கிரீமிலேயே கலந்தார்கள். அதுவே மக்கள் விரும்பும் ஒரு தனி வகையாகிப் பெரும் விற்பனை பெற்றது; ரொட்டிச்சாலைக்கும் ஆண்டாண்டாக நிலையான வேலை கிடைத்தது.

கிளாஸ்மன் 2018 இல் காலமானார். அதே ஆண்டில், பிற நிறுவனத்தாருக்கு இம்முறையைக் கற்பிக்கக் கிரேஸ்டன் தனி மையம் ஒன்றை ஏற்படுத்தியது. அடுத்த ஆண்டில் பாடி ஷாப் என்னும் வணிக நிறுவனம், வட கரோலினா மாநிலத்திலிருந்த தன் சரக்குக் கிடங்கில் இதனைச் சோதித்துப் பார்த்தது. வேலையை விட்டுச் செல்வோர் தொகை முன்னைக்காட்டிலும் வெகுவாகக் குறைந்தது. எனவே, திறந்த வாயில் தர்மக் காரியம் மட்டுமன்று. தொழிலுக்கும் ஏற்றதே என்று அறிகின்றோம்.

3. ஆலை வாசலில் கேட்கப்பட்ட கேள்வி

முன்கதை கேளாத வாயிலின் அருமையை உலகில் வேறெவரைக் காட்டிலும் நாம் நன்கு உணர வேண்டும். ஏனெனில், முன்கதை கேட்ட வாயில்களின் வெளியே நின்றவர்கள் நம் முன்னோர்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நூற்பு முதலிய பகுதிகளில் நம் மக்களுக்கு வேலை கிடைத்தது. அதிக ஊதியமுள்ள நெசவுப் பகுதி மட்டும் மூடப்பட்டிருந்தது. காரணம் யாது? தறியின் நாடாவில் புதிய ஊடை நூலைப் பொருத்தும்போது, நூல் நுனியை வாயால் உறிஞ்சி இழுக்கும் வழக்கம் இருந்தது. தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்டவரின் வாய் பட்ட நாடாவைத் தாம் தொட்டால் தீட்டு என்று பிறர் மறுத்தனர். 1928 ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இந்த அநீதியை எடுத்துக்காட்டி, நெசவுப் பகுதியை நம் மக்களுக்கும் திறந்துவிட வேண்டுமென வற்புறுத்தினார். "உனக்கு நெய்யத் தெரியுமா?" என்று எவரும் கேட்கவில்லை, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றே கேட்டனர்.

குடித்துக் கெட்டவரிடம் "நீ நேற்று யார்?" என்று மட்டும் கேட்டு வாயிலை மூடுவோமானால், நாமும் அதே கேள்வியின் மறுவடிவத்தையே கேட்கின்றோம். பிறப்பு ஒருவர் செய்துகொண்டதன்று, குடி அவர் செய்துகொண்டது என்று வேறுபாடு கூறலாம். அவ்வேறுபாடு உண்மையே. ஆயினும், மனிதன் தன் செயலால் தாழ்வதைப் போலவே தன் செயலால் உயரவும் வல்லன் என்பதன்றோ பகவனின் போதனை? உயர்வதற்குரிய செயலைச் செய்ய இடமே கொடாமல், "நீ உயர்க" என்பது வெறும் வார்த்தையாகும்.

மேலும், குடியினால் வேலை போவதைப் போலவே, வேலை போனதனால் குடி வருவதும் உண்டு. 1982 ஜனவரியில் பம்பாய் ஆலைகளில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அதன்பின் பல்லாயிரவருக்கு வேலை மீண்டும் கிடைக்கவில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆலையில் உழைத்த நாம் அத்தகைய குடும்பங்கள் பலவற்றை அறிவோம். காலைச் சங்கொலிக்கு எழுந்து பழகிய மனிதருக்கு எழுவதற்குக் காரணமே இல்லாமற் போயிற்று. அந்த வெறுமையில் சாராயம் புகுந்தது. அத்தகையவரிடம் குடியின் தீமையை மட்டும் எடுத்துரைத்தல், விளைவைக் கண்டித்துக் காரணத்தை விட்டுவிடுவதாகும்.

4. தொழில் மட்டும் போதுமா?

போதாது. கிரேஸ்டன் முயற்சியினரும் இதனை விரைவில் கண்டுகொண்டனர். வேலைக்கு வந்த தாய், குழந்தையை யாரிடம் விட்டு வருவது என்று தவித்தாள். கூலி பெற்றவர் இரவில் உறங்க இடமின்றி மறுநாள் வேலைக்கு வர இயலாமற் போனார். ஆகவே 1991 இல், வீடிழந்த குடும்பங்களுக்கு நிலையான குடியிருப்பும் குழந்தைகள் காப்பகமும் ஏற்படுத்தினர். 1997 இல், எய்ட்ஸ் நோயுற்ற ஏழைகளுக்குரிய இசான் இல்லமும் மைத்ரி மையமும் திறக்கப்பட்டன.

இசான் என்னும் பெயருக்குரியவர் இசான் டோர்சி. இளமையில் போதைப்பொருளில் ஆழ்ந்து கிடந்தவர் அவர். சான்பிரான்சிஸ்கோ நகரில் ஜென் பயிற்சியை மேற்கொண்டு, துறவியாகி, 1987 இல் மரணத்தறுவாயிலிருந்த எய்ட்ஸ் நோயாளிகளுக்காக மைத்ரி என்னும் இல்லத்தை நிறுவினார். 1990 இல் தாமும் அந்நோயாலேயே காலமானார். எவரும் திருந்துவார் என்று நம்புவதற்கரிய நிலையிலிருந்த மனிதர், பிறருக்குப் புகலிடம் அமைத்தார்.

வீட்டைப் பற்றியும் இதே உண்மை நிலைநாட்டப்பட்டுள்ளது. 1992 இல் நியூயார்க் நகரில் சாம் செம்பெரிஸ் என்னும் உளவியலாளர், தெருவில் வாழ்ந்த மனநோயாளிகளுக்கும் போதைக்கு ஆட்பட்டோருக்கும், "முதலில் போதையை விடு" என்னும் நிபந்தனையின்றி வீடு கொடுக்கும் முயற்சியைத் தொடங்கினார். சிகிச்சையும் உதவியும் அவர்கள் வீட்டுக்கே சென்றன. அவர்களிற் பெரும்பாலோர் மீண்டும் தெருவுக்குச் செல்லாமல் வீட்டில் நிலைத்தனர். இம்முறை பின்னர்ப் பல நாடுகளில் பின்பற்றப்பட்டது.

ஜப்பானிய ஜென் ஆசாரியரான டோகன், மடத்துச் சமையற்காரருக்குரிய நெறிகளை 1237 இல் எழுதினார். அதனை அடியொற்றிக் கிளாஸ்மன், வாழ்க்கையை ஐந்து பகுதிகள் கொண்ட ஒரு விருந்தாக விளக்கினார்: தியானம், கல்வி, ஜீவனம், சமூகத்தொண்டு, உறவு. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் விருந்து நிறைவுறாது. நமது சங்கங்களில் முதலாவதும் இரண்டாவதும் ஓரளவு உண்டு. ஜீவனம் என்னும் மூன்றாவதையே நாம் பெரிதும் மறந்திருக்கின்றோம். மதுவையும் நஞ்சையும் ஆயுதத்தையும் விற்றுப் பிழைக்கலாகாது என்று விலக்குவதோடு நல்வாழ்க்கைத் தொழில் என்னும் மார்க்க அங்கம் முடிந்துவிடுவதில்லை. விலக்கிய தொழிலுக்கு ஈடாக நல்ல தொழிலொன்றைக் காட்டுதலும் வேண்டும்.

5. நாம் செய்யத்தக்கவை

யாங்கர்ஸில் நடந்ததை அப்படியே நம் ஊரில் நடத்த நமக்குப் பொருள் இல்லை. ஆயினும் சிறிய சங்கமும் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

முதலாவது, மருத்துவம். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம், இல்லாததைக் காணுதல் முதலியன தோன்றலாம். உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. ஆகவே, "இன்றே விட்டுவிடுவதாகப் புத்தர்மேல் ஆணையிடு" என்று வற்புறுத்தி ஓர் அறையில் அடைத்து வைத்தல் பெருந்தீங்கு. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போதை மீட்பு ஆலோசனைக்கென இந்திய அரசு ஏற்படுத்தியுள்ள கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446 ஆகும்.

இரண்டாவது, முகவரி. தெருவில் வாழ்பவருக்கு அடையாள அட்டை இராது. அட்டையில்லாதவருக்குப் பயிற்சியிற் சேர்க்கை கிடைப்பது அரிது. பயிற்சியில்லாதவருக்கு நல்ல வேலை இல்லை. இச்சங்கிலியின் முதற் கண்ணியை அறுக்க, விண்ணப்பம் எழுதித் தரவும் அலுவலகத்துக்கு உடன் செல்லவும் இரண்டு இளைஞர் போதும்.

மூன்றாவது, பயிற்சி. எழுத்தறிவு குறைந்தவருக்கும் பள்ளியை இடையில் நிறுத்தியவருக்கும் தொழில் கற்பிக்க ஜன் சிக்ஷன் சன்ஸ்தான் என்னும் அமைப்புகள் நாட்டின் பல மாவட்டங்களில் உள்ளன. இவை 1967 இல் பம்பாயில், தொழிலாளருக்காக, சிரமிக் வித்யாபீடம் என்னும் பெயரில் முதன்முதல் தோன்றியவை என்பதை ஆலைத் தொழிலாளர் மரபினராகிய நாம் அறிந்திருத்தல் நலம். தையல், மின்கம்பி வேலை, குழாய் வேலை போன்றவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. நம் உபாசகர்களுள்ளும் தச்சர், தையற்காரர், மின்பணியாளர் பலர் உளர். அவர்கள் ஒவ்வொருவரும் ஒருவரைத் தம்முடன் வைத்துக் கற்பித்தால், அதனினும் உயர்ந்த தானம் எது?

நான்காவது, பொறுமை. நூற்பு இயந்திரத்தில் இழை அறுந்தால் தொழிலாளி கண்டையைத் தூக்கி எறிவதில்லை. அந்த ஒரு கதிரை மட்டும் நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடியெடுத்து, உருளையிலிருந்து வரும் பஞ்சிழையோடு சேர்த்துவிடுவார். ஒரே வேலைநேரத்தில் ஒரே கதிரில் நான்கு முறை அறுந்தாலும் நான்கு முறை இணைப்பார். மீண்டும் மீண்டும் அறுந்தால் இழையைத் திட்டுவதில்லை. பஞ்சில் குறையா, ஈரப்பதத்தில் குறையா, இயந்திரத்தில் குறையா என்று ஆராய்வார். குடியிலிருந்து மீள்பவர் மறுபடியும் வழுக்கி விழுதல் அரிய நிகழ்ச்சி அன்று. விழுந்தபோது, "இவன் இப்படித்தான்" என்று கைகழுவாமல், எது அறுத்தது என்று ஆராய்தல் வேண்டும். கூலி கொடுத்த நாளா? பழைய நண்பர் குழுவா? தனிமையா? காரணம் தெரிந்தால் இணைப்பும் உறுதிப்படும்.

ஐந்தாவது, நேர்மையான கண்டிப்பு. இரக்கம் என்பது எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தல் அன்று. குடித்துவிட்டு இயந்திரத்தண்டை வருபவரை அன்றைக்கு வேலையிலிருந்து நிறுத்தியே ஆகவேண்டும். அவருடைய கையும் பிறருடைய கையும் காக்கப்பட வேண்டும். முழுக்கூலியைக் கணக்காகக் கொடுக்கவும் வேண்டும். "அவனுக்குக் கொடுத்தால் குடித்துவிடுவான்" என்று கூலியைக் குறைப்பது சுரண்டலே ஆகும். வங்கியில் சேமிப்புக் கணக்குத் தொடங்க உதவலாம். அதற்கும் அவருடைய சம்மதம் வேண்டும்.

6. பாடத்தின் சாரம்

தொழில் ஒருவருக்குக் கூலியை மட்டும் தருவதில்லை. காலையில் எழுவதற்கு ஒரு காரணத்தையும், நாளுக்கு ஓர் ஒழுங்கையும், தம்மை எதிர்பார்க்கும் சக தொழிலாளரையும், "இது என் கையால் ஆனது" என்று சொல்லத்தக்க ஒரு பொருளையும் தருகின்றது. சீலத்தைக் காக்கும் வேலி இவையே. வேலியில்லாத வயலை நோக்கி, "பயிரே, நீயே உன்னைக் காத்துக்கொள்" என்பார் உண்டா?

ஐந்தாம் சீலத்தை நாம் தளர்த்த வேண்டியதில்லை. அதனை ஏற்க முயல்பவர் நிற்பதற்குத் தரை வேண்டும் என்றே கூறுகின்றோம். ஆகவே, ஒவ்வொரு சங்கத்தாரும் வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறப்பார்களாக. இடப்பக்கத்தில், தொழில் கற்பிக்க முன்வரும் உபாசகர்களின் பெயரும் தொழிலும் எழுதப்படட்டும். வலப்பக்கத்தில், தொழில் கற்க விரும்புவோரின் பெயர் மட்டும், அவர்கள் வந்த வரிசையில், எழுதப்படட்டும். வேறு எக்குறிப்பும் அப்பக்கத்தில் வேண்டா.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. ஆளவி நகரத்துக் குடியானவருக்குப் பகவன் முதலில் அன்னமிடச் செய்தது ஏன்?

2. திறந்த வேலைவாயில் முறையில் கேட்கப்படாதவை யாவை? கண்டிப்பாக எதிர்பார்க்கப்படுபவை யாவை?

3. நெசவுப் பகுதி நம் முன்னோருக்கு மூடப்பட்டிருந்த காரணத்தையும், குடியிலிருந்து மீள்பவருக்கு இன்று வேலை மறுக்கப்படும் காரணத்தையும் ஒப்பிடுக. ஒற்றுமை யாது? வேற்றுமை யாது?

4. நமது சங்கத்தில் தொழில் கற்பிக்கத்தக்கவர் எத்தனை பேர்? அவர்களுள் இம்மாதமே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடியவர் யார்?

மங்களம் உண்டாகுக!